பிரியாணி நாளில் தெளியும் ஆறு

கோலசிலாங்கூரில் ஆறு என்றைக்குச் சுத்தமாக ஓடும் என்று தெரிய வேண்டுமானால் நதித் தூய்மை இலாகாவுக்குப் போய் நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே மீரா சாகிபு சாப்பாட்டுக் கடையில் கேட்டால் போதும். இலாகா அதிகாரிகள் கம்பிப்பாலத் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலைக்குச் சோதனைக்குப் போகிறார்கள் என்றால் ஆலையிலிருந்து சாகிபுவுக்கு முந்தின நாளே போன் வந்துவிடும். ஆட்டுக்கறி பிரியாணி, தால்சா, அன்னாசிப் பச்சடி. தலைமையகத்திலிருந்து யாராவது வந்தால் கோழிப் பொரியலும் உண்டு. கடையின் பின்கட்டில் பிரியாணி வேகிற பெரிய தேக்சா அடுப்பில் ஏறுகிற நேரத்தில், ஆலையில் கழிவுக் குழாயை அடைத்துவிட்டு மேல் குளத்து மதகைத் திறந்துவிடுவார்கள். அதிகாரிகள் ஆலையில் சாப்பிட்டுக் கை கழுவி வந்து ஆற்றைப் பார்க்கும்போது அடியில் மணல் தெரியும்.

இதை யாரும் தப்பு என்று சொன்னதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் அது மரியாதையா? ஆலையும் ஒரு வீடு மாதிரிதான் என்பது இலாகாவின் கோலசிலாங்கூர்ப் பிரிவுத் தலைவர் காளியண்ணனின் கொள்கை. அறிவிக்காமல் சோதனைக்குப் போவது அநாகரிகம் என்று அவர் சுற்றறிக்கையே விட்டிருந்தார். அதைத் தலைமையகத்தில் பாராட்டியும் இருந்தார்கள்.

அந்த இலாகாவில் தண்ணீர் எடுக்கிற வேலை உடையப்பனுக்கு. முப்பதைத் தாண்டியவன், கல்யாணம் ஆகாதவன், பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில் வாடகை அறையில் இருந்தான். மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு அதிகாரிகளின் காருக்கு முன்னாலேயே கிளம்பிப் போவான். அவர்கள் காட்டுகிற இடத்தில் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, தன் பெயர் எழுதிய லேபலை ஒட்டிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவான். பிரியாணியும் சாப்பிடுவான். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கடைசிப் பந்தியில் டிரைவரோடு உட்கார்ந்து, கறி கம்மியாக இருந்தாலும் திருப்தியாகவே சாப்பிட்டிருக்கிறான். பிரியாணிக்கும் ஆற்றின் நிறத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. போகும்போதெல்லாம் ஆறு தெளிவாக இருப்பதைப் பார்த்து, நம் இலாகா நன்றாக வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டான்.

அப்படியே பெருமைப்பட்டு ஓய்வூதியம் வரைக்கும் போயிருப்பான். கெடுத்தது ஒரு கல்யாணம். அந்த வியாழக்கிழமை மீரா சாகிபு தன் மகள் கைருன்னிசாவுக்கு நிக்காஹ் வைத்துக் கடையை மூடிவிட்டார். பிரியாணி இல்லாமல் சோதனை எப்படி நடக்கும்? ஒத்திவைத்துவிட்டார்கள். ஆலைக்குச் சொன்னார்கள், டிரைவருக்குச் சொன்னார்கள், கணக்கு எழுதுகிற ஆபிஸ் கிராணிக்குச் சொன்னார்கள். உடையப்பன் வழக்கம்போல முன்னாலேயே கிளம்பியிருந்தான். தண்ணீர் எடுப்பவனுக்குச் சாப்பாட்டு விஷயத்தைச் சொல்லவேண்டும் என்று ஒருத்தருக்கும் நினைவு வரவில்லை.

ஆலைக்குக் கீழே ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தியவன் முதலில் இடம் மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தான். குழாயிலிருந்து கறுப்பாக, ஆவி பறக்க, நுரை தள்ளிக்கொண்டு கழிவு கொட்டியது. அழுகின செம்பனைப் பழத்தின் நாற்றத்தோடு கக்கூஸ் நாற்றமும் அடித்தது. ஆலைக் குடியிருப்பின் சாக்கடையையும் அதே குழாயில்தான் சேர்த்துவிட்டிருந்தார்கள். மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. உடையப்பனின் கண் தானாகவே ஆற்றின் போக்கில் கீழே போனது. கொஞ்ச தூரத்தில் தோட்டத்துப் பம்பு வீடு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர்தான் தொட்டிக்கு ஏறித் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துக் குழாய்களுக்கு வரும். அந்த லயத்தில்தான் அவனுடைய அக்கா அம்சவள்ளி இருந்தாள். பழம் வெட்டுகிற அவள் புருஷன் சன்னாசியும், ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் புஷ்பவள்ளியும் இருந்தார்கள். குழாயில் தண்ணீர் மங்கலாக வரும்போதெல்லாம், தோட்டத்துத் தண்ணீர் அப்படித்தான் என்று அவனும் சேர்ந்து சொல்லியிருக்கிறான்.

நேராக லயத்துக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. பாட்டிலில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு ஆபிஸுக்கு விரைந்தான். ஆபிஸில் சொல்லிவிட்டால் சாயந்திரத்துக்குள் குழாயை அடைத்துவிடுவார்கள், வீணாக ஊரைப் பயமுறுத்துவானேன் என்று நினைத்தான். அந்த இலாகாவில் சம்பளம் வாங்கியவர்களில் இலாகாவை நம்பிய ஒரே ஆள் அவன்தான்.

காளியண்ணன் மேசைமேல் இருந்த கறுப்புப் பாட்டிலைப் பார்த்தார். பிறகு உடையப்பனைப் பார்த்தார்.

"அங்க சாப்பாடு இருந்துச்சா?"

"இல்லீங்க சார்."

"சாப்பாடு இல்லன்னதுமே ஒனக்குச் சந்தேகம் வந்திருக்க வேணாமா? யாரக் கேட்டு பாட்டல்ல புடிச்ச?"

"எப்பவும் புடிக்கிறதுதானே சார். தண்ணி மோசமா இருக்கு. கீழ லயத்துல அதத்தான் குடிக்கிறாங்க. எங்க அக்கா புள்ளகூட..."

காளியண்ணன் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்த அறையில் உடையப்பன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். அரசாங்க ஊழியர்கள் எல்லாரும் சட்டையில் பெயர் அட்டை மாட்ட வேண்டும், நேர்மையாக இருக்க வேண்டும் என்று மேலிடம் உத்தரவு போட்டிருந்த காலம் அது. பெயர் அட்டை சுலபமாகக் கிடைத்தது. மற்றதற்காகத் தலைமையகம் 'நேர்மையாளர் அரவணைப்புத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியது. தவறைக் கண்டு புகார் செய்கிற ஊழியரைப் பழிவாங்கலிலிருந்து காப்பாற்றுவது அதன் நோக்கம். ஒவ்வொரு பிரிவும் குறைந்தது ஒரு நேர்மையாளரைக் கண்டுபிடித்துக் காப்பாற்றிக் காட்ட வேண்டும். கிள்ளான் பிரிவில் இரண்டு பேரை வைத்திருந்தார்கள். போன கூட்டத்தில் தலைமை இயக்குநர் எல்லார் முன்னாலும், "என்ன காளியண்ணன், உங்க பிரிவுல ஒருத்தன்கூட நேர்மையா இல்லையா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"உடையப்பன், நீங்க இப்போ ஒரு புகார் குடுத்திருக்கீங்க" என்றார். நீ, நீங்களாகி இருந்தது.

"இல்லீங்க சார். பாட்டல்தான் குடுத்தேன்."

"அதுதாங்க புகார். இனிமே உங்களக் காப்பாத்துறது எங்க பொறுப்பு."

"என்னை எதுக்கு சார்? கொழாய அடைச்சாப் போதும்."

காளியண்ணன் பரிவோடு சிரித்தார். "ஒவ்வொண்ணா வருவோம். திட்டத்துல புகார்தாரரக் காப்பாத்தணும்னு தெளிவாப் போட்டிருக்கு. கொழாயப் பத்தி ஒரு வரி இல்ல."

காப்பாற்றுவது அன்றைக்கே தொடங்கியது. ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்றில் அவனிடம் கையெழுத்து வாங்கினார்கள். புகார் செய்தவர் யாரென்று வெளியே தெரியக்கூடாது என்பது முதல் விதி. அதனால் அவன் சட்டையிலிருந்த பெயர் அட்டையைக் கழற்றினார்கள். ஆபிஸில் பெயர் அட்டை இல்லாத ஒரே ஆள் அவன் என்றாகிவிட்டதால் மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துபோனது. மறுநாள் காலையில் ஒழுங்குப் பிரிவு, அட்டை மாட்டாத குற்றத்துக்கு அவனிடம் விளக்கம் கேட்டது. இரண்டு விதிகளும் இலாகாவின் விதிகள். எதையும் மீற முடியாது. காளியண்ணன் தலைமையகத்தோடு பேசி ஒரு வழி கண்டுபிடித்தார். உடையப்பனுக்கு ஒரு புது அட்டை வந்தது. நல்ல பிளாஸ்டிக், மேலே அரசாங்க முத்திரை, பெயர் இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

அடுத்து, அவன் மேசையைப் பழைய சாமான் அறைக்கு மாற்றினார்கள். சன்னல் கண்ணாடியில் பேப்பர் ஒட்டினார்கள். யாரும் அவனோடு பேசக்கூடாது என்று உத்தரவு. பேச்சுவாக்கில் யாராவது மிரட்டிவிடலாம் அல்லவா. தேத்தண்ணி கொண்டுவருகிறவர்கூடக் கோப்பையை வாசலில் வைத்துவிட்டுப் போனார். தொழுநோயாளிக்குக்கூட எட்ட நின்று ஒரு வார்த்தை சொல்வார்கள்.

பாட்டிலைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டீர்களா என்று உடையப்பன் கதவிடுக்கு வழியாகக் கேட்டான்.

"எப்படிங்க அனுப்புறது?" என்று காளியண்ணன் வருத்தத்தோடு சொன்னார். "லேபல்ல உங்க பேரு இருக்கு. லேபல் இல்லாம அங்க வாங்க மாட்டாங்க. பேரோட அனுப்புனா நீங்க யாருன்னு தெரிஞ்சிரும். உங்க உயிரோட விளையாட எனக்கு மனசு வரலங்க."

பாட்டில் அவருடைய இரும்பு அலமாரியில் பத்திரமாகப் பூட்டப்பட்டது. செம்பனைக் கழிவு மூடிய பாட்டிலுக்குள் சும்மா இருக்காது, புளித்துப் பொங்கும். ஒரு நாள் காப்பி நேரத்தில் அலமாரிக்குள் டமார் என்று வெடித்தது. வருஷக்கணக்கான பாராட்டுக் கடிதங்களெல்லாம் நனைந்து, ஆபிஸ் முழுக்க ஆற்றின் உண்மையான வாசனை அடித்தது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். சாட்சிப் பொருள் தானாகவே விலகிக்கொண்டது என்று காளியண்ணன் குறிப்பு எழுதினார். முறைப்படி வேறு தண்ணீர் எடுக்க ஏற்பாடு செய்தார். சாகிபு கல்யாண வேலை முடிந்து கடையைத் திறந்திருந்தார். அடுத்து வந்த வியாழக்கிழமை ஆற்றில் அடிமணல் தெரிந்தது. கறி பஞ்சுபோல வெந்திருந்தது என்றும் டிரைவர் சொன்னார்.

"அப்ப என் புகாரு?" என்று கேட்டான் உடையப்பன்.

"புகார் பொய்யின்னு ஆயிப்போச்சு. ஆனா நீங்க கவலப்படாதீங்க. புகார் பொய்யா இருந்தாலும் புகார்தாரர் நேர்மையானவர்னு எழுதிட்டேன்."

அவனுக்குக் காவல் போட்டதைச் சொல்லவேண்டும். பாதுகாக்கப்படும் ஊழியருக்குக் காவலாளாக ஒரு ஜாகா இருக்க வேண்டும் என்பது விதி. ஜாகாவுக்குச் சம்பளம் கொடுக்க இலாகாவில் வழியில்லை. ஆலை மேனேஜர் பெருந்தன்மையாகத் தன் ஜாகா ஒருவரை இரவல் கொடுத்தார். ஆறடி ஆள், ஆலையின் சின்னம் தைத்த காக்கிச் சட்டை.

"சார், ஆலைக்கு எதிரா சொன்னதுக்குத்தானே என்னைக் காப்பாத்துறீங்க? மேனேஜருக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன். யார ஒண்ணும் செய்யக்கூடாதுன்னு அவருக்குத் தெரிய வேணாமா? பேரு தெரியாம வேற யாரையாச்சும் செஞ்சிட்டா?"

இத்தனை பெரிய மனிதர்கள் இத்தனை கருத்தாகச் செய்கிறார்கள், நமக்குத்தான் புரியவில்லை என்று உடையப்பன் நினைத்துக்கொண்டான். ஒரே ஒரு அனுமதி மட்டும் கேட்டான். அக்காவிடம் சொல்லிவிட வேண்டும். லயத்துத் தண்ணீரைக் குடிக்காதே என்று, அந்த ஒரு வார்த்தை மட்டும்.

காளியண்ணன் பதறிப்போனார். "ஏன்னு கேப்பாங்கல்ல? யாரு சொன்னான்னு கேப்பாங்கல்ல? லயத்துல ஒரு ஆளுக்குச் சொன்னா தஞ்சோங் காராங் வரைக்கும் போயிருமேய்யா. ரகசியக் காப்பு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மீறுனா வேல போயிரும், உள்ளயும் தள்ளுவாங்க. கொஞ்சம் பொறுங்க. எல்லாம் மேல போயிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை உடையப்பன் லயத்துக்குப் போனான். ஜாகாவும் பின்னாலேயே சைக்கிளில் வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டார். அம்சவள்ளி தம்பிக்கு வந்த மதிப்பைப் பார்த்துப் பூரித்துப்போனாள். அக்கம்பக்கத்துக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே பேசினாள்.

"ஆளு போட்டுக் குடுத்திருக்காங்களா ஒனக்கு? பெரிய வேலையா குடுத்துட்டாங்களா? சொல்லவே இல்லியே லா நீ!"

புஷ்பவள்ளி அவன் மடியில் ஏறி, சட்டையில் இருந்த அட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, இதுல ஒன் பேரக் காணோமே?"

"அது அப்படித்தாம்மா."

"வெறும் அட்டைய யாராச்சும் மாட்டுவாங்களா?" என்று பள்ளிக்கூடப் பையிலிருந்து மெழுகுக் கலரை எடுத்துவந்து, வெள்ளை இடத்தில் ஒரு மீன் வரைந்தாள். நீலத்தில், வால் பெரிதாக, சிரிக்கிற மீன்.

அம்சவள்ளி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். உடையப்பன் கோப்பையைப் பார்த்தான். வாசலில் ஜாகா அவனைப் பார்த்தார்.

"தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சியா அக்கா?"

"தேத்தண்ணிக்குக் கொதிக்க வைக்காம? குடிக்கத்தான் அப்படியே புடிக்கிறது. வெறகு எங்க கெடக்கு?"

"குடிக்கிறதுக்கும்..." என்று அவன் ஆரம்பித்தான். ஜாகா செருமினார். கையெழுத்துப் போட்டது ஞாபகம் வந்தது. வேலை போனால் அக்காளுக்கு மாசாமாசம் கொடுக்கிற உதவியும் போகும். இந்த வாரமோ அடுத்த வாரமோ குழாயை அடைத்துவிடப் போகிறார்கள், அதற்குள் என்ன ஆகிவிடும்? அவன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தான். கோழை என்று அவனை வைது தீர்க்க எனக்கும் ஆசைதான். அந்த இலாகாவில் ஒரு மாதம் வேலை பார்த்தவர்கள் யாராவது முதலில் வைதால் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

மறுவாரம், இன்னும் பலமாகக் காப்பாற்றுவதற்காக, அவனைத் தூரத்தில் இருந்த உலு யாமுக்கு மாற்றினார்கள். அங்கே இலாகாவுக்கு ஆபிஸே கிடையாது. மூடிப்போன ஒரு கிடங்கில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். காலையில் வந்து உட்கார்ந்து சாயந்திரம் எழுந்து போக வேண்டும். கம்பிப்பாலத் தோட்டத்துப் பக்கம் தலை காட்டக்கூடாது. போய்ச்சேர்ந்த இடத்தை உறவுக்காரர்களுக்கும் சொல்லக்கூடாது. கோலசிலாங்கூர் ஆபிஸில் அவன் பெயரை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் புஷ்பவள்ளிக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் வயிற்றுப்போக்கு, அப்புறம் காய்ச்சல். தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸர் வெள்ளை மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் இறங்கவில்லை. லயத்தில் இன்னும் சில பிள்ளைகளும் படுத்திருந்தன. சன்னாசி மைத்துனனைத் தேடிக்கொண்டு கோலசிலாங்கூர் ஆபிஸுக்கு வந்தார். அவன் அரசாங்க ஆள், அவன் வந்து ஒரு வார்த்தை சொன்னால் பெரியாஸ்பத்திரியில் சீக்கிரம் பார்ப்பார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

"உடையப்பனைப் பாக்கணுங்க. எம் மச்சான்."

கவுண்டரில் இருந்த கிராணிக்கு உடையப்பனை நன்றாகத் தெரியும். கடைசிப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்தான். ஆனால் உத்தரவு என்றால் உத்தரவு.

"அப்படி ஒரு ஆளு இங்க இல்ல."

"பாட்டல்ல தண்ணி புடிப்பானே..."

"அப்படி ஒரு ஆளு இங்க எப்பவுமே வேல செஞ்சதில்ல."

சன்னாசி மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். புகார்தாரரைப் பற்றி ஒரு மர்ம ஆள் விசாரித்துத் திரிகிறான் என்று தலைமையகத்துக்குத் தகவல் போனது. பாதுகாப்பைப் பலப்படுத்தினார்கள்.

நேர்மையாளர் தின விழாவைக் கோலசிலாங்கூர்ப் பொது மண்டபத்தில் நடத்தினார்கள். தோரணம், பேண்டு வாத்தியம், மாலை. சாப்பாட்டுச் செலவு ஆலையுடையது. வாசலில் பெரிய பேனரில் 'எங்கள் நேர்மையாளருக்கு வாழ்த்துகள்' என்று எழுதி, கீழே பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள். உடையப்பனை உலு யாமிலிருந்து சன்னல் மறைத்த வேனில் கொண்டுவந்து, மேடையில் ஒரு கறுப்புத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். திரையில் ஒரு ஓட்டை. விருது தரும்போது கையை மட்டும் அதன் வழியாக நீட்ட வேண்டும்.

தலைமை இயக்குநர் பேசினார். "தவறைச் சொல்றவங்களக் காப்பாத்துறது சுலபம். தவறு செய்யிறவங்களக் காப்பாத்துறது அதவிடச் சுலபம். ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல, ஒரே செலவுல காப்பாத்துறதுதான் நிர்வாகம். அத இந்த இலாகா சாதிச்சுக் காட்டியிருக்கு." நீண்ட கைதட்டல். ஆலை மேனேஜர் எழுந்து நின்று தட்டினார்.

அடுத்து காளியண்ணன் மைக்கைப் பிடித்தார். "இந்தத் திரைக்குப் பின்னால இருக்கிற மாமனிதர் யாருன்னு உங்க யாருக்கும் தெரியாது. அவரோட சொந்தக்காரங்களுக்கே தெரியாது. அவங்களே ஆபிஸ் வாசல்ல வந்து நின்னு கேட்டாங்க, நாங்க சொல்லலியே! இதவிட ஒரு நேர்மையாளருக்கு என்ன பாதுகாப்பு வேணும்?"

திரைக்குப் பின்னால் உடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். யார் வந்து கேட்டது? எதற்குக் கேட்டார்கள்? அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்து மீரா சாகிபு உள்ளே வந்தார். திரைக்குப் பின்னால் இருப்பவருக்கும் ஒரு தட்டு என்று சொல்லியிருந்தார்கள். உடையப்பனைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தார்.

"யா அல்லா, நீயாப்பா? ஒன் மச்சான் ஆபிஸ் ஆபிஸா ஒன்னத் தேடிக்கிட்டு அலையிறாரே! புள்ளைய பெரியாஸ்பத்திரியில போட்டிருக்கு. டைபாய்டாம். தண்ணியால வந்ததாம். இங்க என்னாப்பா பண்ற நீ?"

மேடையில் தலைமை இயக்குநர் ஓட்டைக்கு முன்னால் பதக்கத்தோடு நின்றார். கை வரவில்லை. உடையப்பன் பக்கவாட்டுக் கதவு வழியாக ஓடிவிட்டிருந்தான். பேண்டு வாத்தியம் ஒரு சுற்று முடித்து மறுபடி ஆரம்பித்தது. கடைசியில், திரைக்குப் பின்னால் காவலுக்கு நின்ற ஜாகா சமயோசிதமாகத் தன் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். மறுநாள் பத்திரிகைப் படத்தில் வந்தது அந்தக் கைதான்.

உடையப்பன் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். புஷ்பவள்ளி வெள்ளைத் துணிக்குள் இருந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. தோட்டத்துச் சுடுகாட்டில், ரப்பர் மரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குழி வெட்டிப் புதைத்தார்கள். சன்னாசி மண்ணைத் தள்ளிவிட்டுக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு அம்சவள்ளிதான் பேசினாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"டாக்டரு தண்ணின்னு சொல்றாருடா. நாங்க குடிச்ச தண்ணியாம். போன மாசமே தண்ணி ஒரு மாதிரி வாட அடிக்குதேன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நான்தான் சொன்னேன், எந் தம்பி தண்ணி ஆபிஸுல வேல செய்யிறான், அன்னைக்குக்கூட வந்து நம்ம வீட்டுல தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனான், ஒண்ணுன்னா சொல்லியிருக்க மாட்டானான்னு. நீ ஒண்ணும் சொல்லலையேன்னுதாண்டா நாங்க குடிச்சோம்."

உடையப்பன் அக்காளின் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். பிறகு எழுந்து லயத்து வாசலுக்கு வந்து நின்றான். துக்கத்துக்கு வந்திருந்த எல்லார் முன்னாலும் எல்லாவற்றையும் சொன்னான். குழாயைச் சொன்னான், கக்கூஸ் தண்ணீரைச் சொன்னான், பிரியாணியைச் சொன்னான், மதகைச் சொன்னான். தண்ணீரைப் பார்த்தவன் நான், பாட்டிலில் பிடித்தவன் நான், வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான் என்றான். ஜாகா ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்தபடியே போய், நடந்ததை ஆலையில் சொன்னார். அது அவருடைய வேலை.

குழாயை அடைப்பதற்கு ஒரு கூட்டமும் போடாத இலாகா, அந்த வாரமே விசாரணைக் குழுவைக் கூட்டிவிட்டது. பாதுகாக்கப்பட்ட நேர்மையாளரின் அடையாளத்தைப் பொதுமக்களிடம் வெளியிட்டது குற்றம். குற்றவாளி உடையப்பன். பாதிக்கப்பட்டவரும் உடையப்பன். இரண்டு பேருக்கும் தனித்தனியாக நாற்காலி போட்டிருந்தார்கள். அவனை முதலில் இதிலும் பிறகு அதிலும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள்.

"பாதிக்கப்பட்டவர்ங்கிற முறையில, இந்த ஆளு மேல உங்களுக்குக் கோவம் இருக்கா?" என்று கேட்டார் ஒரு குழு உறுப்பினர்.

"இருக்குங்க" என்றான் உடையப்பன். அது உண்மையான பதில்.

"பாருங்க, அவரே சொல்லிட்டாரு" என்று எழுதிக்கொண்டார்கள்.

காளியண்ணன் சாட்சி சொல்லும்போது கண்களைத் துடைத்துக்கொண்டார். "பொத்திப் பொத்தி வச்சோம்யா ஒரு மனுசன. ஊரு முன்னால காட்டிக் குடுத்திட்டியே! நேர்மையானவங்களுக்குப் பாதுகாப்பு இல்லன்னு நாளைக்கு ஊரு பேசாதா? ஒனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

அரசாங்க அட்டையில் படம் வரைந்த துணைக் குற்றமும் இருந்தது. இந்த மீன் எதைக் குறிக்கிறது என்று தலைவர் கேட்டார். ஏதாவது இயக்கத்தின் சின்னமா என்று அவருக்குச் சந்தேகம்.

"உசுரோட இருக்கிற மீனுங்க" என்றான் உடையப்பன். "அந்தப் புள்ள வேற மாதிரி பாத்ததில்ல."

வேலை போயிற்று. தபாலில் ஒரே உறைக்குள் இரண்டு கடிதம் வந்தது. ஒன்று, குற்றவாளியைப் பணியிலிருந்து நீக்கி. இன்னொன்று, நேர்ந்த அநீதிக்காகப் பாதிக்கப்பட்டவருக்கு இலாகாவின் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்து. இரண்டிலும் காளியண்ணன்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வு.

லயத்து ஆட்கள் தோட்டத்து ஆபிஸுக்குக் கூட்டமாகப் போனார்கள். மேனேஜர் இலாகாவின் சோதனை முடிவுகளை எடுத்துக் காட்டினார். சோதனை நடந்த ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஆறு கண்ணாடி மாதிரி இருந்தது என்று முத்திரையோடு போட்டிருந்தது. வேறு எங்கே போவார்கள்? மழை பெய்தால் தகரக் கூரையில் விழுகிற தண்ணீரைப் பிடித்தார்கள். மழை இல்லாத நாளில் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள்.

உடையப்பனை மீரா சாகிபு தன் கடையில் சேர்த்துக்கொண்டார். தேக்சா கழுவுகிற வேலை. சட்டையில் அந்த மீன் அட்டையைக் குத்தியிருப்பான். கழற்றச் சொல்ல இப்போது யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆலையிலிருந்து போன் வந்து சாகிபு அரிசியை ஊறப்போட்டதும் அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போவான். "நாளைக்கு வியாழன், ஆட்டுக்கறி" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போவான். மறுநாள் குழாயை அடைத்து, மதகைத் திறந்து, ஆறு தெளிந்து ஓடும்போது பெண்கள் குடம், தகரம், குழந்தை குளிப்பாட்டுகிற தொட்டி என்று கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரையில் நிற்பார்கள். மேட்டில் அதிகாரிகள் சாப்பிடுவார்கள். அவர்கள் கார் ஏறிப் போகிற வரைக்கும்தான் தண்ணீர்.

இலாகா இப்போது செலவைக் குறைக்கிறது என்று பேச்சு வந்தது. சோதனையை மாதம் ஒரு முறையாக ஆக்கப்போகிறார்கள் என்றும் சொன்னார்கள். அன்றைக்கு அம்சவள்ளி டவுனுக்கு வந்து, கடையின் பின்கட்டில் அணைந்து கிடந்த பெரிய அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் காலிக் குடம் இருந்தது. உடையப்பன் தேக்சாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான், தலையை நிமிர்த்தவில்லை.

"ஏன் பாய், நீங்க அவுங்களுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லக்கூடாதா?" என்று அவள் சாகிபுவிடம் கேட்டாள். "அவுங்க தெனமும் வந்து சாப்பிட மாட்டாங்களா?"